மூன்று மகள்கள், ஒரே இடம்!
மேடையில் ஒரு பெண். பக்கத்தில் ஒரு பெரிய பியானோ. வேறு நடிகர் யாரும் கிடையாது. அவரே பேசுகிறார், அவரே வாசிக்கிறார்.

அவர் பெயர் மோனா கோலாபெக். அமெரிக்கப் பியானோ கலைஞர். அவர் நடிப்பது, பெற்ற தாயின் கதையை! நாடகத்தின் பெயர் "வில்லெஸ்டன் லேன் பியானோ கலைஞர்". வில்லெஸ்டன் லேன் என்பது லண்டனில் ஒரு தெரு. 2012-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அரங்கேறிய இந்த நாடகம், 2016-ம் ஆண்டு லண்டனிலும் நடந்தது.

ஹிட்லர் வந்தான்

தாயின் பெயர் லிசா ஜூரா. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்து யூதச் சிறுமி. தகப்பனார் தையல்காரர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்துக் கொண்டான். "யூதப் பெண்ணுக்கு இனிப் பாடம் சொல்லக் கூடாதாம்" என்று பியானோ வாத்தியார் கைவிரித்து விட்டார்.

அந்த நவம்பரில் ஒரே இரவில் யூதர்களின் கோவில்களுக்குத் தீ வைத்தார்கள். கடைகளைச் சூறையாடினார்கள்.

அதன் பிறகு பிரிட்டன் கதவைத் திறந்தது. ஆனால் பாதிக் கதவுதான்! "17 வயது வரை உள்ள பிள்ளைகள் வரலாம். பெற்றோர் வரக் கூடாது" என்றது சர்க்கார்.

லிசாவின் தகப்பனாருக்குக் கிடைத்தது ஒரே இடம். மகள்களோ மூன்று பேர். யாரை அனுப்புவது? பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். 14 வயது லிசா ரயில் ஏறினாள். சங்கீதத்தை விட்டு விடாதே என்று சொல்லி வழியனுப்பினாள் தாய்.

லண்டனில் அகதிப் பிள்ளைகளின் விடுதியில் தங்கி, தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள் லிசா. ஓய்வு நேரத்தில் பியானோ. குண்டு விழுந்த காலத்திலும் விரல்கள் ஓயவில்லை. சகோதரிகள் இருவரும் பிழைத்தார்கள். தாயும் தகப்பனும் பிழைக்கவில்லை.

ஏன் இந்த நிபந்தனை?

சபையோர் கண் கலங்குவது ரயில் நிலையக் காட்சியில்தான். யோசிக்க வேண்டிய இடமும் அதுதான். பெரியவர்கள் வந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். பிள்ளைகள் என்றால் சில காலம் தங்கி விட்டுத் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தார்கள். அப்படி வந்த பிள்ளைகள் சுமார் 10,000 பேர். பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. பத்தாயிரம் உயிர் பிழைத்தது பெரிய காரியம்தான். ஆனாலும் தாயை வெளியே நிறுத்தி விட்டுப் பிள்ளையை மட்டும் அழைப்பதை முழுக் கருணை என்று சொல்ல முடியுமா?

மீண்டும் அதே கேள்வி

நாடகம் லண்டனுக்கு வந்த அதே 2016-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் ஆல்ப் டப்ஸ் பிரபு. 1939-ல் ஆறு வயதில் பிராக் நகரிலிருந்து இதே போல் ரயிலில் வந்தவர்!

ஐரோப்பாவில் தனியே தவிக்கும் 3,000 அகதிக் குழந்தைகளை ஏற்க வேண்டும் என்று அவர் கேட்டார். பிரபுக்கள் சபை ஒப்புக் கொண்டது. மக்கள் சபை நிராகரித்தது. கடைசியில் எண்ணிக்கையே குறிப்பிடாமல் ஒரு சட்டம் வந்தது. எண்ணிக்கையைச் சர்க்காரே முடிவு செய்தது: 480.

2024 முடிவில் உலகத்தில் வீடு வாசல் இழந்து விரட்டப்பட்டவர்கள் 12 கோடிக்கு மேல் என்று ஐ.நா. கணக்கிட்டது. பத்தில் நான்கு பேர் குழந்தைகள். பிரிட்டன் ஏற்ற அந்த 480-ல் கடைசிக் குழந்தைகள் 2020-ல் வந்து சேர்ந்தார்கள். அத்துடன் அந்தத் திட்டம் மூடப்பட்டது.