நான்கு பலகைகள், ஒரே கணக்கு



நம் காவாந்தண்டலத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். 2022 ஜூலை இறுதியில் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் சதுரங்க வீரர்கள் அங்கே வந்து கூடினார்கள். ரஷ்யாவில் நடைபெறவிருந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக இடம் மாறி நம் பக்கம் வந்தது.

சதுரங்கம் ஆடலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. பள்ளி அணியில் சேர்ந்து ஆடும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். "அத்தா, என்னால்தான் அணி தோற்றது" என்று கண்கலங்கி நிற்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐவர். அவர்களுள் நால்வர் நான்கு பலகைகளில் ஆடுவர். ஒருவர் மாற்று வீரர். வென்றவருக்கு ஒரு புள்ளி, சமன் செய்தவருக்கு அரைப் புள்ளி. நான்கு பலகைகளின் கூட்டுத்தொகை எந்த அணிக்கு மிகுதியோ, அந்த அணிக்கே வெற்றி.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணிகள் கிடைத்தன. இளைஞர்கள் நிறைந்த இரண்டாம் அணியின் முதல் பலகையில் அமர்ந்தவர் 16 வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களையும் அவர் வென்றார். பத்தாம் சுற்றில் எதிரே வந்தவர் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துஸத்தாரோவ். நம் தெருவில் அப்துல் சத்தார் என்றழைக்கும் அதே பெயர்தான்! இமாம் புகாரி (ரஹ்) பிறந்த நாட்டு இளைஞர். அப்போது வயது 17.

குகேஷ் வெல்லும் நிலையில்தான் இருந்தார். நேரம் அருகிய வேளையில் ஒரு தவறான நகர்த்தல், ஆட்டம் கைமாறிற்று. தலை கவிழ்ந்து அவர் அமர்ந்திருந்த காட்சியைப் பலர் படத்தில் கண்டிருப்பீர்கள். ஆயினும் அணி தோற்கவில்லை. பிரக்ஞானந்தா தம் பலகையில் வென்றார், மற்ற இரண்டு ஆட்டங்களும் சமன், ஆகமொத்தம் 2-2. மறுநாள் ஜெர்மனியை 3-1 என்று வீழ்த்தி அவ்வணி வெண்கலம் பெற்றது. முதல் பலகையின் சிறந்த வீரருக்கான தங்கமும் குகேஷுக்கே கிடைத்தது. தரவரிசையில் 14ஆவது இடத்திலிருந்து வந்த உஸ்பெகிஸ்தான் அணித் தங்கத்தை வென்றது.

மகளிர் அணியின் கதை இதற்கு நேர்மாறானது. ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். கடைசிச் சுற்று வரை முன்னணியில் நின்ற அணி, அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. கூட்டுக் கணக்கு சில நாள் காப்பாற்றும், சில நாள் கைவிடும்.

முதல் பலகைக்கு மட்டுமே மரியாதை என்றெண்ணும் பெற்றோர் போபாலைச் சேர்ந்த முஹம்மது ரஃபீக் கானை அறிந்துகொள்வது நல்லது. தச்சுத் தொழிலாளியான அவர் 1980இல் மால்டா ஒலிம்பியாடில் மூன்றாம் பலகையில் ஆடித் தனிநபர் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார். அந்நாளில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற இந்தியர் ஒருவர்கூட இல்லை.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். "நீ என்ன செய்வாய், விதி" என்று தட்டிக்கழிப்பதும், "உன்னால்தான்" என்று குத்திக்காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆட்டத்தை மறுபடி பலகையில் வைக்கச் சொல்லுங்கள். எந்த நகர்த்தலில் தவறியது என்று அவனே காட்டட்டும். அடுத்து, மற்ற மூன்று பலகைகளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

2024இல் புடாபெஸ்ட் நகரில் இந்திய ஆடவரும் மகளிரும் சேர்ந்தே தங்கம் வென்றனர். முதல் பலகையில் குகேஷ். ஆடவர் அணி பதினொரு சுற்றுகளில் பத்தை வென்று ஒன்றை மட்டும் சமன் செய்தது. அந்த ஒரு சுற்றின் எதிரணி உஸ்பெகிஸ்தான்; கணக்கு மறுபடியும் 2-2. அவ்வாண்டு டிசம்பரில் குகேஷ் உலக வெற்றியாளரானார். 2026ஆம் ஆண்டின் ஒலிம்பியாடை நடத்தும் பொறுப்பு உஸ்பெகிஸ்தானுக்கே வழங்கப்பட்டது.