ஃபோர்க் சரியாப் பிடிச்சோம், டைமைக் கோட்டை விட்டுட்டோம்

போன டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போயிருந்தோம். அங்கே இருக்கும் மாமா, "இவ்ளோ தூரம் வந்துட்டு கப்பல்ல போகாம எப்படி?" என்று மூன்று ராத்திரி க்ரூஸுக்கு எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். அப்பா, அம்மா, பாட்டி, நான், தங்கச்சி, மாமா, அத்தை, அவங்க பையன். மொத்தம் எட்டுப் பேர்.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் கேபினில் நடந்த கூத்தைச் சொல்லியே ஆகணும். கப்பலின் பெரிய டைனிங் ரூமில் சாப்பிடப் போகிறோம், மானம் போகக் கூடாது என்று அத்தை யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டார். இடது கையில் ஃபோர்க், வலது கையில் கத்தி. வெளியே இருக்கும் கரண்டியில் ஆரம்பித்து உள்ளே வரணும். சூப்பை நம்ம பக்கம் இழுக்காமல் எதிர்ப் பக்கமாக அள்ளணும். பாட்டி வரைக்கும் எல்லோரும் வெறுந்தட்டில் பிராக்டிஸ் பண்ணினோம். அப்பா டை கட்டத் தெரியாமல் கால் மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றார்.

எங்கள் கார்டில் இரவுச் சாப்பாடு 5:45 என்று அச்சடித்திருந்தது. டைனிங் ரூம் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 6:25.

"5:45-க்கு யாரு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவா? ரிசப்ஷன் 7 மணின்னு பத்திரிகையில போட்டா நாம 8:30-க்குத்தானே போறோம்?" என்றார் மாமா. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பத்துப் பேர் உட்காரும் வட்ட மேஜை. எட்டு நாற்காலி காலியாக இருந்தது. மீதி இரண்டில் ஒரு வயதான ஆஸ்திரேலியத் தம்பதி. 5:45-லிருந்து பிரெட் கூடையையும் தண்ணீர் கிளாஸையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைக்கு எல்லோரும் வந்த பிறகு சேர்த்து ஆர்டர் எடுப்பதுதான் அங்கே வழக்கம். வெயிட்டர் இரண்டு தடவை கேட்டும், "அவங்களும் வந்துடட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டு, அத்தை சொல்லிக் கொடுத்தபடி நாப்கினை மடியில் விரித்தோம். அன்றைக்கு ஃபோர்க், கத்தியில் நாங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. அந்தத் தம்பதிதான் டிராமா ஆரம்பிக்க நேரமாகிவிட்டது என்று ஐஸ்கிரீம் வருவதற்கு முன்னால் எழுந்து போனார்கள்.

ஊருக்கு வந்து இதைக் காமெடியாக எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டரிங் படித்துவிட்டு, வேறொரு கப்பலில் அசிஸ்டன்ட் வெயிட்டராக இருக்கிறார். டை கதைக்குச் சிரித்தவர், 6:25 என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தம்பி, அந்த வெயிட்டர் அன்னைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டான்டா" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியால் வந்தது.

அண்ணன் விளக்கியதை நம்ம பாஷையில் சொல்கிறேன். 2009-இல் வந்த ஓயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய டைனிங் ரூம் மூன்று தளம், ஏறக்குறைய 3,000 இருக்கை. பயணிகளோ 5,400 பேருக்கு மேல். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. அதனால் பழைய முறையில் இரண்டு பந்தி. முதல் பந்தி 6 மணி வாக்கில், இரண்டாவது 8 மணிக்குப் பிறகு. ஒரு பாதி சாப்பிடும்போது மறுபாதி தியேட்டரில் நிகழ்ச்சி பார்க்கும். அப்புறம் அப்படியே இடம் மாறும். இருக்கிற ஒரு டைனிங் ரூமையும் ஒரு தியேட்டரையும் வைத்து மொத்தக் கப்பலையும் ஓட்டுகிறார்கள். நாம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் படிக்கும் ஷெட்யூலிங் கணக்குதான் இது. என்ன, இங்கே கணக்கு தப்பினால் மார்க் போகாது, மனுஷனின் நேரம் போகும்.

ஒரு வெயிட்டருக்கும் அவருடைய அசிஸ்டன்ட்டுக்கும் சேர்த்து மூன்று நான்கு மேஜை, இருபது பேருக்கு மேல். எல்லா மேஜையிலும் ஒரே சமயத்தில் ஆர்டர் எடுத்தால் ஒரே நடையில் கிச்சனுக்குப் போய், வரிசையில் நின்று, மூடி போட்ட தட்டுகளை அடுக்கி ஒரு பெரிய டிரேயைத் தோளில் தூக்கி வரலாம். முதலில் ஸ்டார்ட்டர், அப்புறம் மெயின், கடைசியில் இனிப்பு. நம்ம கணக்கில் சொன்னால் இது பேட்ச் பிராசஸ். ஒரு மேஜை 40 நிமிடம் லேட்டாக வந்தால் பேட்ச் இரண்டாக உடைகிறது. மற்ற மேஜைகளுக்கு மெயின் எடுக்கும் நேரத்தில் எங்களுக்கு சூப் எடுக்கணும். நடை இரட்டிப்பு, வரிசை இரட்டிப்பு. யாரோ ஒருவருக்குச் சாப்பாடு ஆறிப்போய்த்தான் வரும்.

அதைவிடப் பெரிய அடி நடுவில் விழுகிறது. முதல் பந்தி முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் அரை மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் மேஜைத் துணி மாற்றணும், கரண்டி, கிளாஸ் எல்லாம் புதுசாக வைக்கணும். வேகமாக முடித்தால் மிச்சம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நின்றபடி ஏதாவது சாப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுவார்கள். "நீங்க 7:50 வரைக்கும் காபி குடிச்சுட்டுப் பேசிட்டு இருந்திருப்பீங்க. அந்தப் பத்து நிமிஷம் அங்க போச்சு" என்றார் அண்ணன். சரியாகச் சொன்னார். அன்றைக்கு மாமா காபியோடு தன் முதல் சிங்கப்பூர் வேலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிட்டர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். "எவ்ளோ பொறுமை பாரு" என்று நாங்கள் பாராட்டினோம்!

அதே ஆள்தான் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நிற்கிறார். பல மாத கான்ட்ராக்ட், வாரம் ஏழு நாளும் வேலை. 2006-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. 24 மணி நேரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அல்லது குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த ஓய்வையும் இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருந்தால் போதும். தொழிலாளியைக் காப்பாற்ற வந்த விதியே இந்த அளவில்தான் இருக்கிறது. இப்படி நிமிடக் கணக்கில் தூங்குகிற ஒருவரிடமிருந்து நாங்கள் டை கட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் பிடுங்கியிருக்கிறோம்.

இதையெல்லாம் யோசித்த பிறகு, டேபிள் மேனர்ஸ் என்று சொல்லப்படும் ஒவ்வொரு விதியிடமும் ஒரே கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: நீ யாருக்காக?

சூப்பை எதிர்ப் பக்கமாக அள்ளுவது யாருக்காக? எனக்குத் தெரிந்து யாருக்காகவும் இல்லை. இரண்டாம் நாள் அங்கே ஃபார்மல் நைட். டையோடு போராட முடியாமல் அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற மேலாளர் கை கூப்பி வரவேற்றார். அம்மா நானைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டார், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வெயிட்டர் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் கொண்டு வந்து வைத்தார். நாம் எதற்குப் பயந்து செத்தோமோ, அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவே இல்லை.

ஆனால் அதே கேள்விக்கு வேறு சில விதிகள் நேராகப் பதில் சொல்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் ஃபோர்க்கையும் சேர்த்து ஒரே பக்கமாக வைப்பது, "முடிச்சுட்டேன், எடுத்துக்கலாம்" என்று வெயிட்டருக்குத் தரும் சிக்னல். நம்ம பந்தியில் இலையை மடிப்பது மாதிரி. பாத்ரூம் போய்விட்டு வரும்போது நாப்கினை நாற்காலியில் விட்டுப் போவது, "திரும்பி வருவேன்" என்று சொல்வது. இருநூறு பேர் பேசுகிற சத்தத்தில் கூப்பிட்டுச் சொல்லாமலே தகவல் போய்விடுகிறது. வாசலில் கை கழுவச் சொல்வது, அடைபட்ட கப்பலில் வாந்தி பேதி ஒருவரிடமிருந்து நூறு பேருக்குப் பரவாமல் இருக்க. நோரோ வைரஸ் என்றால் கப்பல்காரர்களுக்கு அவ்வளவு பயம். இன்றைக்கு வேறு இடத்தில் சாப்பிடப் போகிறோம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுவது, மேஜையில் மற்றவர்கள் காத்திருக்காமல் இருக்க. காசு கட்டியாச்சு என்று மூன்று மெயின் ஆர்டர் பண்ணி இரண்டை அப்படியே விடாமல் இருப்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். பட்டியலில் முதலாவதாக வர வேண்டியது, சொன்ன நேரத்துக்குப் போவது.

இதை வாசிக்கும் சிலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "காசு கொடுத்துப் போறது ஜாலியா இருக்கத்தான். அங்கயும் பெல் அடிச்சாப் போகணும்னா அதுக்கு ஹாஸ்டல்லயே இருந்துடலாமே?" நியாயமான கேள்விதான். கப்பல் கம்பெனிகளுக்கே அது புரிந்திருக்கிறது. 1912-இல் டைட்டானிக்கில் பியூகிள் ஊதித்தான் சாப்பிடக் கூப்பிட்டார்கள். 2000-இல் நார்வீஜியன் க்ரூஸ் லைன் "ஃப்ரீஸ்டைல்" என்ற பெயரில் நிலையான நேரமும் நிலையான மேஜையும் வேண்டாம் என்று மாற்றியது. பிறகு மற்ற பெரிய கம்பெனிகளும் பந்தி முறையோடு சேர்த்து, விரும்பிய நேரத்தில் சாப்பிடும் வசதியைக் கொண்டுவந்தன. 5:45 பிடிக்கவில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். நாங்களும் டிக்கெட் போடும்போதே இரண்டாவது பந்தி கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது எங்கள் சோம்பேறித்தனம்.

ஆனால் அங்கேயும் 7:30-க்கு மேஜை புக் பண்ணிவிட்டு 8:10-க்குப் போனால் கதை அதேதான். மேஜை சும்மா கிடக்கும், வாசலில் வரிசை நிற்கும். விருப்பப்பட்ட நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது. தேர்ந்தெடுத்த பிறகு அந்த நேரம் நம்முடையது மட்டும் இல்லை.

"டிப்ஸ் கொடுக்கிறோமே" என்றும் சொல்லலாம். பெரும்பாலான கப்பல்களில் டிப்ஸ் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நம் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. நாங்களும் கடைசி நாள் கையில் தனியாகக் கொடுத்தோம். அண்ணனிடம் பெருமையாகச் சொன்னபோது, "நல்லதுதான் தம்பி. ஆனா அதை வெச்சு அந்தப் பத்து நிமிஷத்தை வாங்க முடியாதுல்ல" என்றார்.

அவரும் சும்மா குறை சொல்கிற ஆள் இல்லை. தம்பதி யாராவது பிறந்தநாள் என்றால் கேக்கோடு போய்ப் பாடுவது அவருக்குப் பிடிக்கும். குழந்தைகளுக்கு நாப்கினில் முயல் செய்து கொடுப்பார். "லேட்டா வர்றவங்க மேல கோபமே வராது. அவங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்றார். அதனால்தான் தெரிந்த பிறகும் லேட்டாகப் போனால் தப்பு பெரிதாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேம்பஸ் இன்டர்வியூ சீசனில் சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ் நடக்கும்போது நமக்கும் டேபிள் எட்டிகெட் சொல்லித் தருகிறார்கள். இரண்டு மணி நேரம் கரண்டிகளின் பெயர், பிரெட் தட்டு இடது பக்கம், தண்ணீர் வலது பக்கம். குறித்துக்கொள்ளுங்கள், எங்கேயாவது பயன்படும். நாளைக்கு நம்மில் சிலர் ஆன்சைட் போவோம், கிளையன்ட்டோடு டின்னர் சாப்பிடுவோம், கப்பலிலும் போவோம். தப்பான ஃபோர்க்கை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நமக்காக நின்றவர்கள் அப்படி மறப்பதில்லை.

அந்த ஆஸ்திரேலியத் தம்பதியை மறுநாள் 5:40-க்கே போய் மேஜையில் உட்கார்ந்து வரவேற்றோம் என்று முடித்தால் நன்றாக இருக்கும். போனோம். அவர்கள் மேஜை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து கை அசைத்தார்கள்.

இதைத் தட்டச்சு செய்யும்போது மணி 8:05. நம்ம மெஸ் 9 மணிக்கு மூடுகிறது. வழக்கமாக நானும் ரூம்மேட்டும் 8:55-க்குத்தான் போவோம். தோசைக்கல்லைக் கழுவத் தூக்கிய அண்ணா, எங்களைப் பார்த்ததும் மறுபடியும் அடுப்பில் வைப்பார். இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு இப்பவே கிளம்புகிறேன். வர்றவங்க வாங்க.