தோலும் தொல்பொருளும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் கலைவரலாற்றுக் கல்வி

கலைவரலாறு தமிழகக் கல்லூரிகளில் பெரும்பாலும் தனித்துறையாக இயங்குவதில்லை. தமிழ், வரலாறு ஆகிய துறைகளின் பாடத்திட்டத்தில் கோயிற்கலை, கல்வெட்டியல், தமிழர் கலையும் பண்பாடும் என்னும் பெயர்களில் ஒரு தாளாகவோ ஓர் அலகாகவோ அது இடம்பெறுகிறது. பல்லவர் குடைவரை, சோழர் செப்புத்திருமேனி, நாயக்கர் கால ஓவியம் என்னும் வரிசையை மாணவர் நூல்வழி அறிந்து தேர்வெழுதுகின்றனர். அருங்காட்சியகமோ அக்கல்வியில் ஒரு நாள் சுற்றுலாவாக எஞ்சுகிறது. பொருளைக் கையாண்டு அறியும் பயிற்சியின்றி இத்துறைக் கல்வி நிறைவுறாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் அப்பயிற்சி கல்லிலும் செம்பிலும் மட்டுமன்றித் தோலிலும் தொடங்க வேண்டும் என்பதே இக்கருத்துரையின் வாதம்.

ஒரு நாள் பார்வையின் எல்லை

களவளத்தில் இவ்வட்டாரம் குறைவுடையதன்று. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம், மாநில அரசின் அருங்காட்சியகம், இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் நடந்து காணும் தொலைவில் உள்ளன. ஆம்பூர்ப் பகுதியில், மலையாம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. எனினும் சித்தன்னவாசலை நிழற்படத்தில் கற்கும் இப்பகுதி மாணவர் பலர், ஆர்மாமலையின் பெயரைப் பாடத்தில் சந்திப்பதில்லை.

நடுகல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அருங்காட்சியகக் குறிப்பு அதன் காலம், அளவு, கண்டெடுத்த இடம் ஆகியவற்றைக் கூறும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் நிலைகளைத் தமிழ் மாணவர் அறிவர். ஒரு தரப்பு அறிந்ததை மறுதரப்பு அறிய வாய்ப்பில்லாத நிலையே இன்று நீடிக்கிறது. கல்லை அளந்து, அதன் சிதைவைக் குறித்து, பதிவேட்டில் உள்ள இடப்பெயரை இன்றைய ஊரோடு ஒப்பிட்டு, பொதுமக்களுக்குப் புரியும் நான்கு வரிகளில் விளக்கம் எழுதும் மாணவர், புறத்திணையியலையும் புதிதாகக் கற்பார். தன் நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்ட கல் எதனை இழந்தது என்னும் வினாவும் அப்பொழுதுதான் எழும்.

தோல் விடுபட்டது எவ்வாறு

மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ தமிழில் கலைவரலாற்றுக் கல்விக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, இலக்கியம் என அது வகுத்த எல்லையைப் பிற்காலப் பாடத்திட்டங்கள் பெரிதும் பின்பற்றின. அழகுக்கலை என்னும் வரையறை அந்நூலின் நோக்கத்திற்குப் பொருந்துவது. ஆயின் அதனையே கலைவரலாறு முழுமைக்கும் எல்லையாகக் கொண்டபோது, கைத்தொழில் நாட்டுப்புறவியலுக்கும் பொருளியலுக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது.

பழந்தமிழ் நூல்கள் இப்பிரிவினையை வற்புறுத்தவில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்து வினைஞரை அடுக்கும்பொழுது ஓவியர், சுதைவேலை செய்வோர், பொற்கொல்லர் ஆகியோரின் வரிசையிலேயே தோல் தைப்போரையும் வைக்கிறது. சங்க இலக்கியத்தில் தொடுதோல் காலணியையும், தோல் கேடயத்தையும் குறிக்கும். யாழிற்குத் தோற்போர்வை உண்டு. முழவிற்கும் பறைக்கும் தோலே முகம். ஈழத்தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கைவினைஞரின் தொழில்முறையைக் கலைவரலாற்றின் நடுவே நிறுத்தினார். 1917 முதல் 1947இல் மறையும் வரை பாசுடன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். அவருடைய ஆய்வும் அருங்காட்சியகப் பணியும் ஒன்றையொன்று வளர்த்தவை.

பொருளறிவும் பாதுகாப்பும்

தோலறிவு அருங்காட்சியகத்திற்கு நேரடியாகப் பயன்படுவது. தோற்பாவைக்கு ஆட்டுத்தோல் மயிரும் சவ்வும் நீக்கப்பட்டுப் பதனிடப்படாமலேயே பயன்படுகிறது. ஒளி ஊடுருவ அதுவே காரணம். ஈரப்பதம் கூடினாலும் குறைந்தாலும் அது சுருங்கி நெளியும். நூற்கட்டுத் தோலோ பதனிடப்பட்டது. அதன் அழிவு வேறு வகையினது. இரண்டையும் ‘தோல்’ என்னும் ஒரே சொல்லால் பதிவேட்டில் குறித்தால், பாதுகாக்கும் முறையும் பிழைபடும்.

ஆவாரம்பட்டையில் பதனிட்டு, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் இடுவது சென்னை மாகாணத் தோல் தொழிலின் பழைய முறை. ஆவாரம்பட்டை மட்டும் ஏற்ற தோல் வெயிலில் சிவக்கும். கடுக்காய் அதனைத் தடுக்கும். இம்முறையில் பதனிட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இங்கிலாந்திற்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. நூற்கட்டுத் தோலின் அழிவை ஆராய இலண்டன் கலைகள் சங்கம் அமைத்த குழு, 1901இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வகைத் தோலை நூற்கட்டுக்கு ஏற்றதன்று என விலக்கியது. பழைய நூலகங்களில் தோற்கட்டுடைய நூலை எடுப்போர் கையில் ஒட்டும் செந்தூளின் காரணத்தை ஆம்பூரின் தொழிலறிவும் வேதியியலும் சேர்ந்தே விளக்க இயலும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தைத் தொடங்கிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் வேதியியல் நோக்கில் ஆராய்ந்தவர். சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அருகிலேயே உள்ளது. இவ்வறிவைத் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவரிடம் கொண்டுசேர்க்கும் பாதையே இன்னும் அமையவில்லை.

தொழில் நகரில் கல்விசார் அருங்காட்சியகம் அமைத்ததற்கு முன்மாதிரி உண்டு. செருமனியின் தோல் நகரமான ஓஃபன்பாக்கில், தொழிற்கலைப் பள்ளியின் இயக்குநர் ஊகோ எபர்ஹார்ட் 1917இல் தோல் அருங்காட்சியகத்தை நிறுவினார். கைவினைஞரும் மாணவரும் கண்டு கற்பதற்கான முன்மாதிரித் தொகுப்பாகவே அது தொடங்கியது. இந்தியாவிலும் பரோடா மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகம் 1952இலேயே அருங்காட்சியகவியலைப் பட்டமேற்படிப்பாக்கியது.

இரு மறுப்புகள்

தோலைத் தொடும் தொழிலைச் சாதிய இழிவோடு பிணைத்த சமூகத்தில், தொழிலாளர் குடும்பத்து மாணவரைத் தோலையே ஆராயச் செய்வது பழைய வரையறைக்குள் அவர்களை மீண்டும் அடைப்பதாகும் என்பது முதல் மறுப்பு. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனவே இப்பயிற்சி எந்தப் பிரிவினருக்கும் தனியே உரியதாக அமையலாகாது. வகுப்பிலுள்ள அனைவரும் தோலையும் செப்புத்திருமேனியையும் ஒரே அட்டையில், ஒரே அளவுகோலில் பதிய வேண்டும். தொழிலறிந்த முதியவரைத் தகவலாளி என்னும் பெயரற்ற நிலையில் நிறுத்தாது, அவர் இசைந்தால் பெயரோடு அறிவுரிமையாளராகக் குறிக்க வேண்டும். பறையைக் காட்சிப்பேழையில் வைத்துப் பறை செய்தவரைக் குறிப்பிலிருந்து நீக்கும் வழக்கத்தை மாற்ற இதுவே வழி.

பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தொழிலுக்குக் கலைப்பெருமை சூட்டுவது முறையன்று என்பது இரண்டாவது மறுப்பு. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று அளித்த தீர்ப்பு இவ்வட்டார வரலாற்றின் பகுதி. சவ்வு நீக்கும் கத்தியும் கழிவுநீர் பற்றிய ஆவணமும் ஒரே தொகுப்பில் இருத்தல் வேண்டும். தொழில் நிறுவனத்தின் விளம்பரக் கூடத்தினின்றும் பல்கலைக்கழகத் தொகுப்பை வேறுபடுத்துவது இந்நேர்மையே.

செய்யத்தக்கது

இதற்குப் புதிய கட்டடம் முதல் தேவையன்று. சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும் கோட்டை அருங்காட்சியகத்தோடு உடன்பாடு கண்டு, முதுகலையில் ஒரு பருவத்தை இப்பயிற்சிக்கு ஒதுக்கலாம். முதற்பகுதியில் மாணவர் ஒவ்வொருவரும் காப்பாளர் மேற்பார்வையில் சில பொருள்களுக்கு முழுமையான பதிவட்டை எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில், மக்கள் ‘தோல் ஷாப்’ என வழங்கும் பதனிடும் கூடங்களில் கருவி, செயல், பிழை, கூலி ஆகியவற்றிற்கு வழங்கும் சொற்களைத் தமிழிலும் உருதுவிலும் தொகுக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் சிறு காட்சி ஒன்றை அமைத்து அதன் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுத வேண்டும். இம்மூன்றும் ஆய்வேட்டிற்கு நிகரான மதிப்பெண் பெற வேண்டும். அவ்வாறன்றேல் இப்பயிற்சியும் சுற்றுலாவாகவே முடியும்.

இவற்றுள் காலத் தாழ்வைப் பொறுக்காதது சொற்றொகுப்பே. குரோமியப் பதனீடும் சுழலும் டிரம்மும் பரவியபின் ஆவாரம்பட்டைக் குழிகள் அருகிவிட்டன. குழியில் நின்று தோலை மிதித்தும் புரட்டியும் அதன் பதத்தைக் கையால் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். செப்புத்திருமேனி அடுத்த தலைமுறைக்கும் காத்திருக்கும். அவர்தம் சொற்கள் காத்திரா. வரும் பாடத்திட்டத் திருத்தத்திலேயே தமிழ்த்துறைகள் இதற்கு இடமளித்தல் வேண்டும்.