இல்லாத ஊருக்கு ஒரு வரைபடம்

கதையிற் கண்ட ஊருக்கு வரைபடம் எழுதுதல் வேலையற்றோர் வேலை என்பர் பலர். உள்ள ஊர்களிலேயே வழி தெரியாது மாந்தர் திகைத்து நிற்க, இல்லாத ஊரின் தெருக்களை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்றும் அவர் வினவுவர். யாம் அவர் கூற்றுக்கு உடன்படோம். ஒரு நூலை முற்றக் கற்றோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மிற் பலர், அந்நூலில் வரும் வீடு ஆற்றின் எக்கரையில் இருந்தது என்று ஒருவர் கேட்பின் விழிப்போம். வரைபடம் எழுதப் புகுந்தவன் அவ்வாறு விழித்தல் இயலாது. அவன் ஒவ்வொரு பக்கத்தையும் நின்று நின்று படித்தாக வேண்டும்.

இவ்வேலை இன்று கணினி விளையாட்டு ஆடுவோரிடையே மிகுதியாக நடைபெறுகின்றது. 1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தீஃப்' என்னும் விளையாட்டில் காரெட் என்னும் கள்வன் நிழலோடு நிழலாய் ஒதுங்கி, காவலர் கண்ணிற் படாமல் மாளிகைகளுட் புகுகின்றான். அவன் வாழும் ஊருக்குத் தனிப்பெயர் இல்லை. 'நகரம்' என்பதே அதன் பெயர். 2000, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் அவ்வரிசையிற் பின்னும் மூன்று விளையாட்டுகள் வந்தன. ஒரு கட்டத்தில் நகரின் ஒரு துண்டே கண்ணுக்குப் புலனாகும். கள்வன் கையில் உள்ள படமோ அரைகுறையாகக் கீறப்பட்டது. ஆடுவோர் அத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, துறைமுகம் எத்திசையில், பழம்பகுதி எத்திசையில் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடுகின்றனர். ஒரு விளையாட்டிற் கண்டது மற்றொன்றிற் பொருந்தாத இடத்தில் வாதம் சூடேறுகின்றது. திருட்டு விளையாட்டில் என்ன படிப்பு என்று பெரியோர் முகஞ் சுளிக்கலாம். எமக்கோ, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங் காண்பாரது உழைப்பே அதில் தோன்றுகின்றது.

நம் நாட்டிலும் இவ்வாறு பலரால் அளக்கப்பட்ட இல்லாத ஊர் ஒன்று உண்டு. அது மால்குடி. சென்னையிற் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் (1906-2001), பாட்டியார் குறித்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், 1930-ஆம் ஆண்டில், குறிப்பேடு ஒன்று வாங்கி எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவர் மனக்கண்ணில் முதலில் தோன்றியது ஓர் ஆளன்று, ஒரு சிறு ரயில் நிலையம். அந்த எழுத்தே 'சுவாமியும் நண்பர்களும்' என்று 1935-இல் இங்கிலாந்தில் அச்சேறியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, நாவல் பலவற்றிலும் சிறுகதை பலவற்றிலும் அவ்வூர் வளர்ந்துகொண்டே வந்தது. சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் சாலை, கபீர் சந்து, எல்லம்மன் தெரு, நல்லப்பன் தோப்பு, லாலி விரிவு, ஆல்பர்ட் மிஷன் பள்ளி, அதே பெயருடைய கல்லூரி என்று ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. முதல் நாவலின் சிறுவன் சுவாமி வாழும் விநாயக முதலித் தெருவிலேயே, 1952-இல் வந்த நாவலின் வட்டிக் கணக்கன் மார்க்கய்யாவும் குடியிருக்கின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதாக ஆசிரியர் எழுதவில்லை. வரைபடத்தில்தான் அவர்கள் அண்டை வீட்டார் ஆகின்றனர்.

படம் எழுத உட்கார்ந்தவன் முதலில் இடறும் இடம் ரயில் நிலையமே. 1935-ஆம் ஆண்டு நூலில் நிலையம் உள்ளது. அந்நூலின் இறுதியில் ராஜம் என்னும் தோழன் ஊரைவிட்டுப் பிரிவதும் அங்கேதான். 1958-இல் வந்த 'வழிகாட்டி'யிலோ, ராஜு தன் இளமையில் மால்குடிக்குத் தண்டவாளம் இடப்பட்டதைத் தானே நின்று பார்த்தவன். ஆகவே பின்னர் எழுதிய நூல் முன்னர் நடந்ததைச் சொல்லுகின்றது என்று கொள்ளவேண்டும். ஒரே தாள் போதாது; காலத்துக்கு ஒரு தாள் வேண்டும்.

லாலியின் சிலை இதனினும் தொல்லை தருவது. 'லாலி சாலை' என்னும் சிறுகதையை நம்மிற் பலர் அறிவர். நாடு விடுதலை பெற்றதும் நகரசபையார் தெருப்பெயர்களையெல்லாம் மாற்றப் புகுகின்றனர். காந்தியடிகள் பெயரே பல சாலைகளுக்கு இடப்பட, கடிதங்கள் திசைகெட்டு அலைகின்றன. வெள்ளையனாகிய லாலியின் சிலையைப் பெயர்த்து ஒருவர் தலையிற் கட்டிவிடுகின்றனர். அதன் பின்னரே, அந்த லாலி கொடுங்கோலன் அல்லன், ஊரை உண்டாக்கிய நல்லோன் என்பது வெளிப்படுகின்றது. அகற்றிய சிலையை வாங்கியவர் வீட்டிலேயே வைத்து, அச்சந்துக்கே லாலி சாலை என்று பெயரிட்டு ஒருவாறு மானத்தைக் காத்துக்கொள்கின்றனர். ஆயினும் 1967-இல் வந்த 'இனிப்பு வியாபாரி'யில் அதே லாலி ஒன்றும் நடவாதவன்போல் ஊரில் நின்றுகொண்டிருக்கின்றான்! ஆசிரியர் மறந்தாரா, சிலை திரும்பி வந்ததா, அன்றி அக்கதை ஊர்ப்பேச்சாளன் ஒருவனது அளப்பா? நல்ல வரைபடக்காரன் சிலையை இரண்டிடத்தும் குறித்து, இரண்டின் பக்கத்திலும் நூற்பெயரை எழுதி வைப்பான். ஒன்றை அழித்துப் படத்தை ஒழுங்குபடுத்துவோன் நூலையே திருத்துகின்றான். அதற்கு அவனுக்கு உரிமை இல்லை.

இவையெல்லாம் இன்பமான சிக்கல்கள். இன்பமல்லாத ஒன்றும் அப்படத்தில் உண்டு. மால்குடியில் வக்கீல் வீடு எங்கே, தலைமை ஆசிரியர் வீடு எங்கே, அச்சுக்கூடம் எங்கே, மிட்டாய்க் கடை எங்கே என்று எளிதிற் குறித்துவிடலாம். அத்தெருக்களை நாள்தோறும் கூட்டியவர் எங்கே குடியிருந்தனர்? முதல் நூல்களைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைப்பது அரிது. 1955-இல் வெளிவந்த 'மகாத்மாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நூலில் காந்தியடிகள் மால்குடிக்கு வருகின்றார். நகரசபைத் தலைவர் தம் மாளிகையை அழகுபடுத்தி வைத்துக் காத்திருக்கின்றார். அடிகளோ அங்குத் தங்காது தோட்டிகளின் குடிசைக்குச் சென்றுவிடுகின்றார். அதிகாரிகள் அலறியடித்துக்கொண்டு அவ்விடத்தைத் துப்புரவு செய்யப் புறப்படுகின்றனர். சரயுவின் கரையில் அப்படி ஒரு சேரி இருந்தது என்பதைப் படிப்பவன் அப்பொழுதுதான் தெளிவாகக் காண்கின்றான். இருபது ஆண்டுகள் அதனருகே உலவியிருந்தும்!

கதையை மட்டும் படிப்பவன் இதனைக் காந்தியடிகளின் பெருமையாகக் கொண்டு மேலே போய்விடுவான். படம் எழுதுபவனுக்கு அது போதாது. அவன் கையில் உள்ள தாளில் ஆற்றங்கரை வெறுமையாக இருந்தது. இப்பொழுது அங்கே குடிசைகளை வரையவேண்டும். வரைந்தபின் முன்னைய நூல்களுக்குத் திரும்பினால், சுவாமியும் நண்பரும் மாலைதோறும் ஆடிய சரயு மணல் வேறொன்றாகத் தோன்றும். நம் காவிரிக் கழிமுகத்து ஊர்களை அறிந்தோருக்கு இது புதுமையன்று. ஊர் வேறு, காலனி வேறு என்று இங்கே பிள்ளைகளும் சொல்லுவர். கிறிஸ்தவராகிய யாம் இதில் வாய்திறக்கும்போது நம் கல்லறைத் தோட்டங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்; சாதியின் பொருட்டு அவற்றினூடே சுவர் எழுப்பிய இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. யாது எங்கே இல்லை என்பதைக் காட்டுவதற்கு வரைபடத்தைப் போன்ற கருவி வேறில்லை என்று யாம் கருதுகின்றோம்.

மிஷன் கல்லூரி மாணவர் ஆல்பர்ட் மிஷன் பள்ளியைக் காணாமற் போதல் கூடாது. அங்கே வேதபாடம் நடத்தும் எபநேசர் கண்ணனைப் பழிப்பதும், சுவாமி எதிர்வினா எழுப்பி அடிபடுவதும், அவன் தந்தையார் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதும் முதல் நாவலின் தொடக்கத்திலேயே வருகின்றன. நாராயண் தாமே சென்னைப் புரசைவாக்கத்தில் லுத்தரன் மிஷன் பள்ளியிற் பயின்றவர். அப்பக்கங்களை யாம் நகைத்துக்கொண்டே படித்தோம். முடித்தபின் நகை நிலைக்கவில்லை. ஆனால் அதே மிஷனின் கல்லூரிதான் 1945-ஆம் ஆண்டு நூலில் கிருஷ்ணனுக்குச் சோறிட்டது என்பதையும் படத்திற் குறித்தல் முறையே.

இனி, இல்லாத ஊரை உள்ள மண்ணில் ஊன்ற முயல்வாரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மால்குடி கற்பனையூர், எந்தப் படத்திலும் இல்லாதது என்று ஆசிரியரே எழுதினார். எழுதிய கையோடு, சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இலக்கிய நிலப்படத்தில் அதற்கும் இடங் குறித்துவிட்டனர் என்று நகையாடினார். நியூயார்க் நகரின் ஒரு தெருவிலும் தாம் மால்குடி மாந்தரைக் கண்டதுண்டு என்பதும் அவர் கூற்று. ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் நாவல்களைத் துருவி ஆராய்ந்து அவ்வூருக்குப் படம் சமைத்தார். இந்து சமயத்தார் கருதும் உலக ஒழுங்கே அவ்வூர் அமைப்பில் வெளிப்படுகின்றது என்பது அவர் துணிபு. எண்பதுகளில் சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடர் கர்நாடகத்து ஆகும்பேயில் எடுக்கப்பட்டது. அதில் மால்குடி நிலையமாகத் தோன்றிய அரசாளு ரயில் நிலையம் 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாயிற்று. மல்லேசுவரமும் பசவனகுடியும் சேர்ந்த பெயர் என்பார் பெங்களூரார். நம்மவரோ, பெயரொலியை மட்டும் கொண்டு, திருச்சிக்கு அருகிலுள்ள லால்குடியே அது என்பர்.

ஊர்ப்பற்று இயல்பே, அதனை யாம் பழிக்கவில்லை. எம் ஊராகிய திருநள்ளாற்றில் இதனை நாள்தோறும் காண்கின்றோம். நளனைப் பற்றிய காவியங்கள் அவனை நிடத நாட்டு மன்னன் என்றும், தமயந்தியை விதர்ப்ப நாட்டுக் குண்டினபுரத்தாள் என்றும் கூறும். புகழேந்தியின் நளவெண்பாவில் அவனைப் பற்றிய துன்பம் கலியால் வந்தது. திருநள்ளாற்றுத் தலவரலாறோ அதனைச் சனியால் வந்தது என்று சொல்லி, அது நீங்கிய இடமாக எம் ஊர்க் குளத்தைக் காட்டுகின்றது. நளதீர்த்தத்தில் மூழ்குவோர் பல்லாயிரவர். சனிப்பெயர்ச்சிக் காலத்தில் எண்ணிக்கை சொல்லி முடியாது. கதையின் முடிவு ஒரு முகவரி பெற்றுவிட்டது. யாம் அந்நீரில் மூழ்கும் சமயத்தார் அல்லோம். எனினும் துன்பமுற்றோர் தம் துன்பத்தை வைக்க ஓர் இடந் தேடுவதை இகழ மாட்டோம். அது வழிபாடு. யாம் இங்குப் பேசுவது படிப்பு. படிப்பில், நூல் சொல்லாததைச் சொன்னதாகக் குறித்தல் குற்றம். ஆகும்பேயில் எடுத்த படத்தைக் கண்டவன் ஆகும்பேயின் மழையை மால்குடிக்குக் கொண்டுபோய்விடுகின்றான்; நாவலின் வெயில் மறைந்துபோகின்றது.

தமிழ் மாணவர் ஓர் ஆங்கில நாவலாசிரியருக்காக இத்துணை மை செலவிடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கும் ஒரு நகரம் பல நூல்களிலே பரந்து கிடக்கின்றது. அதற்கு நாம் படம் எழுதவில்லை. காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் பூம்புகார். பட்டினப்பாலை அதனைக் காட்டுகின்றது. சிலப்பதிகாரம் அளந்து காட்டுகின்றது. மணிமேகலை அதன் சுடுகாட்டையும் காட்டுகின்றது. கடலை அடுத்து மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி, ஐந்து மன்றங்கள், உவவனம், சக்கரவாளக் கோட்டம் என்று உறுப்புகளுக்குக் குறைவில்லை. யவனர் இருக்கை எப்பாக்கத்தது, மீன் விற்போரும் உப்பு விற்போரும் எப்பாக்கத்தார், அரசன் தெரு எப்பாக்கத்தது என்பதை இளங்கோ வரிசையாகச் சொல்லிச் செல்கின்றார். யாம் அறிந்த வரையில், வகுப்பில் அவ்வரிசை அருஞ்சொற்பொருள் எழுதுவதற்கே பயன்படுகின்றது. ஐந்து மன்றங்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர் உளர். அவை ஒன்றுக்கொன்று எத்துணைத் தொலைவு என்ற கேள்வி எழுந்ததே இல்லை.

இந்திய அகழாய்வுத் துறையினர் 1960-களில் அங்குத் தோண்டிக் கீழையூரிற் செங்கற் படகுத்துறையையும், மேலையூர்ப் பக்கத்தில் பௌத்த விகாரத்தையும் வெளிப்படுத்தினர். அவை விலைமதிப்பற்றவை. ஆயின் அவற்றைக் கொண்டு தொடங்குதல் தவறு என்பது எம் எண்ணம். முதலில் நூல்களை மட்டும் வைத்துப் படம் எழுதவேண்டும். செங்கல்லைப் பின்னர் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டும் பொருந்தாவிடின் பொருந்தவில்லை என்றே எழுதலாம்.

ஆதலின் தமிழ்த்துறைப் பெரியோர்க்கும் தோழர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்று. வரும் ஆண்டில் சிலம்பு பயிலும் வகுப்பார் சுவரளவு தாள் ஒன்றை விரித்து, நூல் கூறுவதைக் கருமையிலும் தாம் ஊகிப்பதைச் செம்மையிலும் குறித்துப் புகார் நகரை எழுதட்டும். சிலம்புக்கும் மேகலைக்கும் முரண் வரும் இடத்தில் இரண்டையும் எழுதட்டும். வணிகர் மாடத்தை வரைந்தவரே, அம்மாடத்திற்குத் தண்ணீர் சுமந்தவர் எங்கே உறங்கினார் என்றும் நூலைக் கேட்கட்டும். விடை கிடையாவிடின் அவ்விடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். இம்மலர் அப்படத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்குமானால், மடிப்புத் தாளாகச் சேர்க்க இயலுமா என்று அச்சகத்தாரை இப்பொழுதே கேட்டு வைப்பது நலம்.