அணை உடைந்ததா? ஆற்றைப் பாருங்கள்

மழைக்காலம் வந்தால் டெங்கில், பாங்கி, பந்திங் பக்கத்துக் குடும்பப் புலனக் குழுக்களில் இப்படியொரு செய்தி வலம் வரும்: "அணைக்கட்டு உடைந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள்!" கூடவே சேற்று நீர் சீறிப் பாயும் காணொளி ஒன்று.

இதைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. 2021 டிசம்பர் 18, 19 வார இறுதியில் தாமான் ஸ்ரீ மூடா, உலு லங்காட், டெங்கில் எல்லாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். பொய்யை நம்பி நள்ளிரவில் பிள்ளைகளோடு வெள்ளச் சாலையில் காரை இறக்குவது ஆபத்து. "எல்லாம் கப்சா" என்று படுத்துத் தூங்கிவிடுவதும் ஆபத்துதான்.

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது என்று பொருள். அனுப்பிய மாமா நல்லவர்தான். ஆனால், அணையை அவர் பார்க்கவில்லை.

காணொளியில் கார் தெரிந்தால் எண் பட்டையைக் கவனியுங்கள். 'பி' என்ற எழுத்து இங்கே சிலாங்கூர், இந்தோனேசியாவில் ஜகார்த்தா! அங்கே எண்ணுக்குப் பின்னாலும் எழுத்துகள் வரும். கீழே சிறியதாக மாதமும் ஆண்டும் இருக்கும். கார் இல்லையென்றால் ஒரு காட்சியைப் படமெடுத்து கூகிள் லென்சில் போடுங்கள். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இதற்கெல்லாம் மேலாக, ஆற்றையே பார்த்துவிடலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் நடத்தும் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' அகப்பக்கத்தில் சிலாங்கூரைத் தேர்ந்தெடுத்தால் லங்காட் ஆற்றின் நீர்மட்டம் நிலையம் வாரியாக வரும். நார்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என நான்கு படிகள். டெங்கில்காரர்கள் டெங்கிலை மட்டும் பார்த்தால் போதாது. ஆறு உலு லங்காட்டிலிருந்து காஜாங், பாங்கி வழியாகத்தான் வருகிறது. மேலே பஹாயா என்றால், இங்கே நார்மல் என்று காட்டினாலும் பத்திரங்களை எடுத்துப் பையில் வைப்பது நல்லது. அளந்த நேரமும் பக்கத்திலேயே இருக்கும்; அது பழையதாக இருந்தால் எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, அணை நிரம்பி வழிவது வேறு, உடைவது வேறு. உபரி நீர் வழிந்தோடவே அணையில் தனி வழி வைத்துக் கட்டுகிறார்கள். பாதி வதந்தி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

மற்ற செய்திகளுக்கு 2017 முதல் எம்சிஎம்சியின் 'செபெனார்ஞா' அகப்பக்கம் இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 'ஐஃபா' என்னும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் புலனத்திலேயே தமிழில் கேட்கலாம். வசதிதான். ஆனால் தண்ணீர் வாசலுக்கு வரும் நேரத்தில் நான் முதலில் திறப்பது ஜேபிஎஸ் பக்கத்தைத்தான். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

பார்த்ததைக் குழுவில் போடும்போது "பொய், நம்பாதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இரவு மணி 11.15, டெங்கில், அமாரான், ஏறுகிறது" என்று எழுதுங்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் பந்திங்கில் இருக்கும் சித்திக்கு அந்த ஒரு வரி உதவும்.