காடு என்றால் காடுதானா?

கேள்வி: ‘‘தாண்டிக்குடி பக்கம் மூன்று ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கிறேன். உலகச் சுற்றுச்சூழல் மாநாடுகளை டி.வி-யில் காட்டும்போது எல்லோரும் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு எப்படிப் புரிகிறது? அங்கே எடுக்கும் முடிவு நம் தோட்டத்துக்கு வரும்போது நமக்கு மட்டும் ஏன் புரிவதில்லை? என் மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவள் இந்த வேலைக்குப் போக முடியுமா?’’

பதில்: உரம், நோய், மானியம் என்றே கேள்விகள் வரும் இந்தப் பகுதிக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐ.நா. காலநிலை மாநாடுகளுக்கு ஆறு மொழிகள்தான் அதிகாரபூர்வ மொழிகள். அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். பெரிய அரங்கின் ஓரத்தில் கண்ணாடி அறைகள் இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அறை. உள்ளே இருப்பவர்கள் உரைபெயர்ப்பாளர்கள். எழுத்தை மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை அப்போதே மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். காதில் கேட்டுக்கொண்டே, சில சொற்கள் பின்தங்கி, வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மூளை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். 1945-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில்தான் இந்த முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால், ஒப்பந்தத்தின் வாசகங்களைப் பேசி முடிவுசெய்யும் சிறு குழுக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. அங்கே ஆங்கிலம் மட்டும்தான். அதனால், புரியாமல் தவிப்பது நாம் மட்டும் இல்லை.

ஒரு சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை என்பதற்கு ஓர் உதாரணம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரம் பற்றிய வரியில் இருந்த ‘பேஸ் அவுட்’ என்பதை ‘பேஸ் டவுன்’ என்று மாற்ற வேண்டும் என்று இந்தியா கேட்டது. முதலாவது, படிப்படியாக அடியோடு நிறுத்துவது. இரண்டாவது, படிப்படியாகக் குறைத்துக்கொள்வது. பல நாடுகள் வருத்தம் தெரிவித்தாலும் மாற்றம் ஏற்கப்பட்டது. கண்ணாடி அறையில் இருப்பவர் இரண்டுக்கும் ‘நிறுத்துவது’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், கேட்பவருக்குச் சண்டை எதற்கென்றே தெரிந்திருக்காது.

அப்படி ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மலைக் கிராமத்தில், சரணாலயத்தைச் சுற்றி அமையும் சூழல் உணர்திறன் மண்டலம் பற்றிக் கூட்டம் நடந்தது. வந்தவர் ஆங்கிலத்தில் பேசினார். ‘‘நீங்க சொல்லிடுங்க சார்’’ என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட அறிவிக்கைகளில் மூன்று பட்டியல்கள் இருக்கும். அடியோடு தடை செய்யப்பட்டவை, அனுமதியோடு செய்யக்கூடியவை, ஊக்குவிக்கப்படுபவை. மரம் வெட்டுவது இரண்டாவது பட்டியல். இயற்கை விவசாயம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் மூன்றாவது. நான் அவசரத்தில், ‘‘குவாரிக்குத் தடை, மரம் வெட்டத் தடை’’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவரின் தோட்டத்துக்குப் போனேன். சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை அறுத்துக் கீழே போட்டிருந்தார். மர வியாபாரியிடம் குறைந்த விலைக்கு முன்பணமும் வாங்கியிருந்தார். கேட்டதற்கு, ‘‘தடை வரப்போகுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வித்துடலாம்னுதான்’’ என்றார். விஷயத்தை விளக்கி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். மரம் தப்பியது. கொடி தப்பவில்லை. புதுக்கொடி வைத்துக் காய் பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நஷ்டம் என் வாயால் வந்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று நம் ஜனங்கள் சொன்னால், பல சமயம் வயலுக்கோ தோட்டத்துக்கோ போகிறார்கள் என்று அர்த்தம். ‘காட்டைத் திருத்திக் காபி வெச்சேன்’ என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதை, வெளியூர்க்காரர் ஒருவர் ‘வனத்தை அழித்துக் காபி வைத்தார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது என்பது அதன் சாரம். அமலாகும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. அந்தச் சட்டத்தில் காடு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு (சுமார் ஒன்றேகால் ஏக்கர்), ஐந்து மீட்டருக்கு மேல் உயர மரங்கள், பத்து சதவிகிதத்துக்கு மேல் மர நிழல். இதை மட்டும் கேட்டால் நம் காபித் தோட்டமெல்லாம் காடுதான்! ஆனால், அடுத்த வரியில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. மர நிழலில் பயிர் செய்யும் தோட்டமும் விவசாய நிலத்தில்தான் சேரும். பாதியைச் சொல்லி மீதியை விட்டால், பயந்து நிழல் மரத்தில் கை வைத்துவிடுவோம்.

அரசு ஆவணங்களிலும் இதே சிக்கல் உண்டு. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பத்து நாட்களுக்குள் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால், 2006-ம் ஆண்டு அறிவிக்கையிலேயே நமக்கு ஓர் உரிமை இருக்கிறது. ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முடியும்போது, பேசியவற்றின் சுருக்கத்தை மக்களின் மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும். வாசிக்காமல் கூட்டத்தை முடித்தால் எழுந்து கேளுங்கள்.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த நான்கையும் நினைவில் வையுங்கள்:

1. ‘தடை’ என்று யாராவது சொன்னால், ‘அடியோடு தடையா, அனுமதி வாங்கிச் செய்யலாமா?’ என்று கேளுங்கள்.

2. நீங்கள் பேசும்போது இரண்டு வரி சொல்லி நிறுத்துங்கள். மாற்றிச் சொல்பவர் முடித்ததும் தொடருங்கள்.

3. ஏக்கரா, ஹெக்டேரா, சென்ட்டா என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். ‘காடு’ என்று சொன்னால் பட்டா நிலமா, வனத்துறை நிலமா என்பதையும் சொல்லுங்கள்.

4. நீங்கள் சொன்னதாக எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, சரியென்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்திலோ, தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் மகளைப் பற்றி. ஐ.நா. வேலைக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதாது. ஆங்கில அறையில் உட்கார, அந்த ஆறில் இன்னும் இரண்டு மொழிகள் காதில் கேட்டவுடன் புரிய வேண்டும். பிரெஞ்சில் ஆரம்பிக்கலாம். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடக்கின்றன. வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய வேலை, ஆனால் முடியாதது இல்லை. தமிழ் - ஆங்கிலம் மட்டும் போதும் என்றால், நாடாளுமன்றத்திலும் உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் நடக்கிறது. அதன் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் ஊர்க் கூட்டங்களிலேயே அவரைப் பழகச் சொல்லுங்கள். சில்வர் ஓக்குக்கும் ஈட்டிக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு பெண் அன்று என் பக்கத்தில் நின்றிருந்தால், அந்தப் பெரியவரின் மிளகுக் கொடி இன்றைக்கும் மரத்தில் இருந்திருக்கும்.

அடுத்த இதழில், மிளகு வாடல் நோய் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.