மூலம் என்று ஒதுக்கப்படும் குருதி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ஆம் ஆண்டில் மலக்குடல் புற்றுநோய்க்கு இரையானார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. தமக்கையே மருத்துவராய் இருந்தும் காலம் கைவிட்டுப் போயிற்று. அத்துயரம்தான் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நின்றது. நூறாண்டு கடந்த பின்னும், மானாம்பதியிலும் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மலத்தோடு குருதி போனால், மூலம் என்றும் உடற்சூடு என்றும் சொல்லி ஆறுதல் கொள்வோரே மிகுதி. மோரும் வெந்தயமும் மருந்தாகின்றன. அவற்றால் தணியாவிடில், மூலத்தையும் பவுத்திரத்தையும் அறுவையின்றித் தீர்ப்பதாகச் சுவரில் எழுதியிருக்கும் முகவரி நோக்கிக் கால்கள் நடக்கின்றன.

குருதி கண்டோரில் பெரும்பாலோர்க்கு உண்மையில் மூலமே இருக்கும். ஆகவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கக்கூடும். ஒன்று மற்றொன்றை விலக்கிவிடாது. சோதித்துப் பாராமல் இவ்விரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது.

மலங்கழிக்கும் வழக்கம் மூன்று வாரங்களுக்கு மேல் மாறியே இருத்தல், கழித்த பின்னும் முழுதும் கழியாத உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், விடாத வயிற்றுவலி ஆகியவை கண்டால் மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. பெருங்குடலின் வலப்புறத்தில் தோன்றும் கட்டியோ இன்னும் வஞ்சகமானது. குருதி கண்ணுக்குத் தெரியாமலே கசியும். சில அடி நடந்தாலே மூச்சு வாங்கும், முகம் வெளிறும். ஐம்பதைக் கடந்த ஆணோ மாதவிலக்கு நின்ற பெண்ணோ இவ்வாறு சோகையுற்றால், இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது. குருதி எங்கே போகிறது என்று தேடுவதே மருத்துவம்.

அகவை ஏற ஏற குடற்புற்றுக்கான வாய்ப்பு கூடும். ஆனால் நம் நாட்டில் ஐம்பதுக்குட்பட்டோரும் கணிசமாகப் பாதிக்கப்படுகின்றனர். இளமையை அரணாகக் கொள்ள இயலாது. பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ இந்நோய் வந்திருப்பின் கூடுதல் விழிப்பு வேண்டும். நெடுநாள் குடலழற்சி உடையோர்க்கும் அவ்வாறே. புகையும் மதுவும் உடற்பருமனும் நீரிழிவும் உழைப்பற்ற வாழ்வும் இடர்ப்பாட்டை வளர்ப்பன. பதப்படுத்திய இறைச்சி இப்புற்றை உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. நம் ஊர்ப்புறத்துக்கு அதனினும் அணுக்கமான பகை மதுக்கடையே என்பது நம் கருத்து.

குடலில் அரும்பும் சிறு முளை புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவிற்குப் பிடிக்கும். கொலனோஸ்கோபி என்னும் குடல் உள்நோக்கிச் சோதனை செய்யும்போதே அம்முளையை அகற்றிவிடலாம். இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் சிலவே. அவ்வவகாசத்தை நாணத்துக்குப் பறிகொடுக்கிறோம். மனைவியிடம்கூட வாய் திறவாத ஆண்களும், ஆண் மருத்துவர் முன் சொல்லக் கூசும் பெண்களும் எத்தனை பேர்!

நாட்டின் புற்றுநோய் முன்னறி திட்டம் முப்பது வயதுக்கு மேற்பட்டோரின் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றையே சோதிக்கிறது. குடல் அதில் இல்லை. பிரிட்டனில் மலச்சோதனைப் பெட்டி வீட்டுக்கே அஞ்சலில் வருகிறது. அவ்வளவை நாளையே இங்குக் கேட்கவில்லை. அறிகுறியோடு வருவோரைக் கையுறை அணிந்த விரலால் ஆசனவாய் வழியே சோதிக்கச் சில நிமிடமே ஆகும். மலக்குடல் கட்டிகள் பலவும் அவ்விரலுக்கு எட்டுவன. இச்சோதனை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தவறாது நடைபெற வேண்டும். பெண்களைச் சோதிக்கப் பெண் மருத்துவர் வரும் நாள் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வரும் பணியாளர், மலத்தில் குருதி உண்டா என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும். ஐயத்துக்குரியோரைக் காரைப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சீட்டெழுதி அனுப்புவதோடு நில்லாமல், அவர் சென்று சேர்ந்தாரா, அங்கே கொலனோஸ்கோபி நடந்ததா என்று கேட்டறிந்து பதியும் பொறுப்பை மாவட்ட நலவாழ்வுத் துறை ஏற்க வேண்டும்.